பர்கூர்த் தம்பிக்கு: எஸ்.ஏ.டி. கிராமருக்கு கோச்சிங் வேண்டுமா?

தம்பி, நீங்கள் டெக்ஸஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, குடும்பம் இன்னும் பர்கூரில். மகள் கிருஷ்ணகிரியில் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ஸ்கூலில் கிராமர் என்றால் முழு மார்க், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி.யின் மாதிரித் தேர்வில் மட்டும் அதிலேயே சறுக்குகிறாள், ஆன்லைன் கோச்சிங்கில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.

நானும் பாலக்கோட்டுக்காரன்தான், அந்த கிராமரைப் படித்து வந்தவன். ஆக்டிவை பாசிவ் ஆக்கு, டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்டாக மாற்று, கொஸ்டின் டேக் போடு. எஸ்.ஏ.டி.யில் இப்படிக் கேட்பதே இல்லை. அங்கே துருவித் துருவிக் கேட்பது, ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை. நம் பிள்ளைகள் விழுவதும் அங்கேதான்.

'தி ரெயின் ஸ்டாப்ட், வீ வென்ட் ஹோம்.' நம் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமா ஒட்டவைக்காது. முற்றுப்புள்ளி வேண்டும், இல்லை செமிகோலன், இல்லை கமாவோடு 'ஆண்ட்', 'பட்', 'ஸோ' மாதிரி ஒன்று. 'ஹவெவர்' அந்தக் கூட்டத்தில் சேராது. அதன் முன்னால் வெறும் கமா போட்டால் மார்க் போச்சு. இன்னொன்று: இரண்டு விடைகளில் மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து, ஒன்றில் முற்றுப்புள்ளியும் மற்றதில் செமிகோலனும் மட்டும் மாறியிருந்தால், இரண்டையும் தள்ளிவிடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை, இரண்டுமே சரியாக இருக்க முடியாதே.

அடுத்தது வினை. 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் ஃப்ரம் சந்தூர்' என்று வந்தால் கை தானாக 'ஆர்' போடும். 'ஆஃப்' முதல் சந்தூர் வரை விரலால் மறைத்துப் படித்தால் மீதி நிற்பது குவாலிட்டி, ஆக 'ஈஸ்'. இட்ஸ், தேர் மாதிரி ஒரே உச்சரிப்புச் சொற்களின் குழப்பமெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

எஸ்.ஏ.டி.யின் ஆங்கிலப் பிரிவான ரீடிங் அண்ட் ரைட்டிங்கில் இரண்டு மாட்யூல் (பகுதி), ஒவ்வொன்றிலும் 32 நிமிடத்தில் 27 கேள்வி. மொத்தம் 54-ல் கிராமர் 11 முதல் 15 வரை. முதல் மாட்யூலை எப்படி எழுதுகிறாள் என்பதை வைத்துத்தான் இரண்டாவது எளிதா கடினமா என்று முடிவாகும். கிராமர் கேள்விகள் நடுவுக்கு மேல் ஒரே கொத்தாக வரும், நேரமும் குறைவாகப் பிடிக்கும். அவற்றை முதலில் முடித்துவிட்டு வாசிப்புக் கேள்விகளுக்குத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. ஒரு தடவை முயன்று பார்க்கட்டும். நீட் பழக்கத்தில் தெரியாததை விட்டுவிட்டு வரப்போகிறாள்! இங்கே நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றையும் காலியாக விடக்கூடாது.

எஸ்.ஏ.டி. தேவையா என்று அடுத்துக் கேட்பீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் இருக்கும் மாநிலத்திலோ, டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் 2025 சேர்க்கையிலிருந்து திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது.

கோச்சிங்குக்கு முன்னால் கான் அகாடமி என்ற இணையதளத்தில் இலவசமாக இருப்பதை முடிக்கட்டும். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும், மற்ற மூன்று விடைகள் ஏன் ஆகாது என்று நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். 'காதுக்கு நல்லா இருந்துச்சு' என்பதைக் காரணமாக ஒத்துக்கொள்ளாதீர்கள். முழு மாதிரித் தேர்வுகள் எஸ்.ஏ.டி. எழுதும் ப்ளூபுக் ஆப்பிலேயே இருக்கின்றன, அதுவும் இலவசம். செல்போனில் அது ஓடாது. லேப்டாப் இல்லையென்றால் கோச்சிங் காசை அதில் போடுங்கள்.