சைகையைப் பார்த்து அர்த்தம் யூகிக்க முடியலைன்னு கேட்டவருக்கு

மூணு மாசமா அமெரிக்க சைகை மொழி கத்துக்கிறேன், ஆனா காது கேளாத நண்பர் பேசினா ஒண்ணுகூட யூகிக்க முடியலை, சைகைன்னா பார்த்தாலே புரியணுமேன்னு கேட்டிருந்தீங்க. உங்க மேல தப்பே இல்லைங்க. சைகைக்கும் அது குறிக்கிற பொருளுக்கும் உருவ ஒற்றுமை இருக்கிறது நிஜம்தான், ஆனா அந்தப் பொருள்ல எதைப் பிடிச்சு உருவமாக்கணும்னு ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழி. மரத்தையே எடுங்க, அமெரிக்க சைகையில ஒரு முழங்கையை இன்னொரு கை மேல ஊனி விரல்களை விரிச்சு மணிக்கட்டை ஆட்டுவாங்க, கை தண்டு விரல் கிளை, டேனிஷ் சைகையில ரெண்டு கையாலயும் மரத்தோட தலையை வரைஞ்சு அப்படியே தண்டுக்கு இறங்குவாங்க, சீன சைகையில தண்டைப் பிடிச்ச மாதிரி ரெண்டு கையையும் வளைச்சு மேல கொண்டுபோவாங்க. மூணும் மரம்தான், சொன்னாதான் தெரியும்.

அதோட உருவம் தேஞ்சும் போகும். அமெரிக்க சைகையில வீடுங்கிறது முதல்ல சாப்பாடு, தூக்கம்னு ரெண்டு சைகை சேர்ந்தது, இப்ப குவிச்ச விரல் நுனி வாய்கிட்ட ஒருதடவை காதுகிட்ட கன்னத்துல ஒருதடவை தொடுது, அவ்வளவுதான். இலக்கணமும் உருவத்தை மறைச்சிடும், 'ரொம்ப மெதுவா'ன்னு அதே மொழியில சொல்ல கையை டக்குனு வேகமா இழுக்கணும், அந்த வேகம் 'ரொம்ப'ங்கிறதைக் காட்டுற இலக்கணம்!

அதனால யூகிக்கிறதை விட்டுட்டு முதல்ல அர்த்தத்தைக் கேட்டுக்குங்க, அப்புறம் உருவத்தைத் தேடுங்க. பால்னா மாட்டு மடியைக் கறக்கிற கைன்னு தெரிஞ்சப்புறம் எனக்கு அது மறக்கவே இல்லை. நண்பர்கிட்டயே கேளுங்க, மெதுவா ஒருதடவை காட்டச் சொல்லுங்க.