காலில் எலும்பு முறிவு: வி.ஏ. கிளெய்ம் கேள்வி பதில்

அமெரிக்க ராணுவத்தில் இருந்து வெளியே வந்த நம்மவர்கள், முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்புக்கு வி.ஏ.-விடம் (அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் நலத் துறை) இழப்பீடு கேட்பது, அதாவது கிளெய்ம் போடுவது பற்றி அனுப்பிய கேள்விகள் இவை.

அண்ணா, அடிப்படைப் பயிற்சியில் டிபியா (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) உடைந்தது. இப்போது எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்கிறார்கள். கிளெய்ம் போடலாமா?

போடலாம். ஆனால் வி.ஏ. பணம் தருவது எலும்பு உடைந்ததற்கு அல்ல, உடைந்ததால் இன்று வரை மிஞ்சியிருக்கும் குறைக்கு. மூன்று விஷயங்கள் காட்ட வேண்டும்: பணியில் அடிபட்டதற்கான பதிவு, இப்போது இருக்கும் பாதிப்பு, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து.

வி.ஏ. பாதிப்பின் அளவுக்கேற்ப ஒரு சதவீதம் தரும், அதுதான் ரேட்டிங். டிபியா, ஃபிபுலா (அதன் பக்கத்து மெல்லிய எலும்பு) பாதிப்புக்கான வி.ஏ. குறியீடு 5262. எலும்பு கோணலாகக் கூடி, முழங்காலோ கணுக்காலோ லேசாகப் பாதிக்கப்பட்டால் 10 சதவீதம், நடுத்தரமானால் 20, கடுமையானால் 30. எலும்பு கூடாமல் ஆடிக்கொண்டிருந்து, பிரேஸ் போட்டே ஆக வேண்டும் என்றால் 40. உங்களுக்கு எலும்பு நேராகக் கூடியிருந்தாலும் கணுக்காலை அசைக்கும்போது வலித்தால், அந்த மூட்டுக்குக் குறைந்தபட்சம் 10 கிடைக்க வழி உண்டு.

ஆவணங்கள் சேரும் வரை காத்திருக்காதீர்கள். கிளெய்ம் போடும் எண்ணத்தைத் தெரிவிக்கும் 21-0966 படிவத்தை முதலில் அனுப்பிவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் முழு கிளெய்மையும் போட்டால், பெரும்பாலும் அந்தத் தேதியில் இருந்தே பணம் கணக்காகும்.

வி.ஏ. மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். தப்பா சார்?

நிறைய பேருடைய ரேட்டிங் கரைந்து போவது இந்த ஒரு வார்த்தையில்தான். ராணுவத்தில் வலியை விழுங்கிப் பழகிய வாய், பரிசோதனை அறையிலும் அதையே சொல்கிறது. டாக்டரும் அப்படியே எழுதிக்கொள்கிறார்.

கணுக்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டர் என்ற கோணம் அளக்கும் கருவி வைத்து அளப்பார்கள். எந்த டிகிரியில் வலி தொடங்குகிறதோ, அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாக மடக்கிக் காட்டுவது வீரம் இல்லை, நஷ்டம். வலி அதிகமாகும் நாட்களில் என்ன ஆகிறது என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள்: மாதத்தில் எத்தனை தடவை, எவ்வளவு நேரம், படி ஏற முடிகிறதா, வேலைக்கு லீவு போட்டீர்களா. டெலூக்கா என்ற முன்னாள் வீரர் தொடுத்த வழக்கின் 1995 தீர்ப்புக்குப் பிறகு, அந்த நாட்களின் இயக்கக் குறைவையும் மதிப்பிட வேண்டும் என்பதுதான் சட்ட நிலை.

அதற்காக நடிக்கவும் வேண்டாம். அறைக்குள் நொண்டி, வெளியே விறுவிறுவென நடந்தால் அதுவும் அறிக்கையில் ஏறும். நீங்கள் சொன்னது சொன்னதுதான். இப்போது உங்கள் நிலையை விவரித்து எழுதி அனுப்புங்கள். மனைவியோ உடன் பணியாற்றியவரோ தாங்கள் பார்த்ததை எழுதித் தந்தாலும் சாட்சியமாக ஏற்பார்கள்.

இடது காலில் முறிவு. பல வருடம் நொண்டி நடந்து இப்போது இடுப்பு போய்விட்டது. அதையும் சேர்க்கலாமா?

தாராளமாக. இடுப்பு வலிக்குக் காரணம் அந்த நடைதான் என்று டாக்டர் காரணத்தோடு எழுத வேண்டும். "இருக்கலாம்" என்று எழுதினால் பயனில்லை. குறைந்தது சரிபாதி வாய்ப்பாவது உண்டு என்று எழுத வேண்டும்.

கணக்கில் ஏமாறாதீர்கள். காலுக்கு 30, இடுப்புக்கு 20 என்றால் 50 வராது. மீதமுள்ள 70-இல் 20 சதவீதம் 14. ஆக 44, அதை 40 என்று சுருக்குவார்கள். இன்னொன்று, முழங்காலுக்குக் கீழே உள்ள பாதிப்புகளை எவ்வளவு கூட்டினாலும் பொதுவாக 40-ஐத் தாண்டாது. காலே அங்கே துண்டிக்கப்பட்டிருந்தால் கிடைக்கும் அளவு அதுதான்.

மறுத்துக் கடிதம் வந்து 14 மாதம் ஆகிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா அண்ணா?

உயர்நிலை மறுஆய்வுக்கும் மேல்முறையீட்டு வாரியத்துக்கும் ஒரு வருடக் கெடு, அது போய்விட்டது. புதிய, பொருத்தமான சான்று இருந்தால் துணை கிளெய்ம் எப்போது வேண்டுமானாலும் போடலாம், படிவம் 20-0995. பணம் கணக்காகும் பழைய தேதி மட்டும் திரும்பாது. அப்புறம், மறுத்த காரணத்தைக் கடிதத்தில் தேடிப் படியுங்கள். இணைப்புக் கருத்து இல்லை என்று மறுத்திருந்தால், இன்னொரு எக்ஸ்ரே எடுத்து அனுப்பி என்ன பயன்?

ஒரு கம்பெனி முதல் கிளெய்மை எழுதித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

வேண்டாம். முதல் கிளெய்மைத் தயாரித்துத் தரக் கட்டணம் வாங்க சட்டம் அனுமதிக்கவில்லை. வி.ஏ. அங்கீகாரம் பெற்ற முன்னாள் வீரர் அமைப்புகளின் அலுவலர்கள் இதை இலவசமாகவே செய்கிறார்கள். வழக்கறிஞருக்குக் கட்டணம் என்ற பேச்சு முதல் முடிவு வந்த பிறகுதான்.