கல்யாணத்துக்கு எந்த ஊர்ப் பட்டு எடுப்பது?

"மகளுக்கு ஆவணியில் கல்யாணம். காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம், பனாரஸ் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் ஜரிகையைப் பாருங்கள் என்பேன். பட்டுத் தெரிந்துதான் சொல்கிறேன், பட்டும் தெரிந்துகொண்டேன்.

மதுரையில் எங்கள் தெருப்பக்கம் "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று கூவிக்கொண்டு வருவார்கள். வாங்கிப்போய் எரித்து ஜரிகையில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் நைந்துபோன அரக்குப் புடவையையும், மடிப்பு மடிப்பாக விட்டுப்போன என் முகூர்த்தப் பட்டையும் அப்படி ஒருவரிடம் எடுத்துப் போட்டேன். அம்மா புடவையின் கரையை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தது. பேசாமல் தராசில் வைத்தார். என்னுடையதையும் சுரண்டினார், மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். "இதுல வெள்ளியே இல்லக்கா. காசு பேறாது."

1999ல் அப்பா அதற்கு 9,500 ரூபாய் கொடுத்தார். தெற்கு மாசி வீதியில் அப்போது பேர்போன கடை. அசல் ஜரிகை என்று சத்தியம் பண்ணாத குறைதான். கடைப் பேர் வேண்டாம்.

அசல் ஜரிகை என்பது பட்டிழை மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. பெரும்பாலும் சூரத்திலிருந்து வருவது. வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியது 'டெஸ்டட்' ஜரிகை. பாலியஸ்டர் படலத்தில் செய்தது இன்னும் மலிவு. டெஸ்டட் வாங்குவது தப்பே இல்லை, டெஸ்டட் விலைக்குக் கிடைத்தால். இன்னொன்று: 'சில்க் மார்க்' சீட்டு இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அது நூல் சுத்தப் பட்டு என்பதற்கு மட்டும்தான். ஜரிகையைப் பற்றியோ, கைத்தறியா விசைத்தறியா என்பது பற்றியோ அது ஒன்றும் சொல்லாது. கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. ஜரிகை எந்த வகை என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழுந்துவிடலாம்.

இனி ஊர். முகூர்த்தத்துக்கு ஒன்று, ஒன்றே ஒன்று, காஞ்சிபுரம் எடுங்கள். கடையில் எல்லாவற்றையும்தான் காஞ்சிபுரம் என்பார்கள். புடவையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். கோர்வை போட்டு நெய்ததாக இருந்தால் உடலின் ஊடையும் (குறுக்கே ஓடும் இழை) கரையின் ஊடையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பின்பக்கம் லேசாகச் சொரசொரக்கும். ஊடையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும் வேலை அது; பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கைகொடுக்க வேண்டும். முந்தி வேறு நிறமென்றால், அது உடலோடு சேரும் இடத்தில் இரண்டு நிறமும் கலந்த ஒரு பட்டை தெரியும். அதற்குப் பெயர் பேட்னி. பழைய பாவின் (நீளவாக்கில் ஓடும் இழைகள்) ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்குவார்கள். இந்த இரண்டும் இருந்தால் விலை கூடச் சொல்வதில் நியாயம் உண்டு.

ரிசப்ஷனுக்கு ஆரணி. எடை குறைவு. ஐந்து மணி நேரம் மேடையில் நிற்கிற பெண்ணுக்கு அதன் அருமை தெரியும். என் மகள் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஆரணியை ஏழெட்டுத் தடவை கட்டிவிட்டாள். காஞ்சிபுரம் பீரோவில் கனமாக உட்கார்ந்திருக்கிறது. திருபுவனம் நன்றாகத்தான் இருக்கும். விசிறி மாதிரி மடித்து வைப்பார்கள், பார்த்தாலே தெரிந்துவிடும். உங்களுக்கு அது பிடித்திருந்தால் முகூர்த்தத்துக்கே எடுக்கலாம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பனாரஸ் கொஞ்சம் யோசியுங்கள். அழகில் குறையில்லை. ஆனால் பல புடவைகளில் பின்பக்கம் ஜரிகை இழைகள் மிதந்து கிடக்கும். கொலுசும் மெட்டியும் மாட்டி இழுத்துவிடும். ஒவ்வொரு பூவையும் தனித்தனியாக நெய்கிற 'கடுவா' வகையில் அந்தத் தொல்லை இல்லை, விலைதான் எகிறும். மைசூர் பட்டும் சொல்வார்கள். வழவழவென்று உடம்போடு நிற்கும், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கர்நாடக அரசு ஆலையில் வரும் அந்தப் புடவை விசைத்தறி. கைத்தறிதான் வேண்டுமென்றால் அது கணக்கில் வராது. குஜராத்தின் படோலா, மகாராஷ்டிராவின் பைத்தானி எல்லாம் நம் பட்ஜெட்டில் வேண்டாம் தாயி.

சந்தேகமாக இருந்தால் முந்தி ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றிரண்டை வாங்கி வந்து வீட்டில் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி உருண்டையானால் பாலியஸ்டர்.

மதுரையில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளுக்குப் போவதானால் காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். சாயங்காலக் கூட்டத்தில் விரித்துக்கூடக் காட்ட மாட்டார்கள். பிடித்ததைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்க வேண்டும். நாங்கள் அரக்கு என்று எடுத்த ஒன்று வீட்டுக்கு வந்ததும் கத்திரிப்பூவாகிவிட்டது. ஆடியில் முகூர்த்தப் புடவை எடுக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அதை ஆனியிலேயே எடுத்துவிட்டு, மற்றதை ஆடித் தள்ளுபடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.