ஒர்க்‌ஷாப் கேள்வி – பதில்: பைபர் பாடியைத் துளைக்கும் முன்

ரோட்டில் ஓடும் பைக்கை டிராக்குக்கு மாற்றுவது பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

அண்ணாச்சி, 150 சிசி பைக்கை டிராக்குக்காக மாற்றுகிறேன். பைபர் ரேஸ் பாடி பார்சலில் வந்தது. முன்மூக்கை மூடும் டூம், இரண்டு பக்கம், எஞ்சினுக்கு அடியில் வரும் பெல்லி பான், சீட்டின் பின்பகுதியான சீட் கவுல் என ஐந்து துண்டு. ஒன்றில்கூடத் துளை இல்லை. டூமை வைத்துப் பார்த்தால் இடது பக்கத் துண்டு ஒரு விரல் தள்ளி நிற்கிறது. போல்ட் போட்டு இழுத்து முறுக்கிவிடலாமா? பெயின்டர் வேறு அவசரப்படுத்துகிறார்.
– பாளையங்கோட்டை வாசகர்

முதலில் பெயின்டரிடம் ஒரு வாரம் தவணை வாங்குங்கள் தம்பி. துளை போட்டு, மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்த பிறகுதான் பெயின்ட்.

துளை இல்லாமல் வந்ததைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒரே மாடலாக இருந்தாலும், ஒருமுறை கீழே விழுந்த வண்டியில் டூமைத் தாங்கும் கம்பிச் சட்டம் நாலைந்து மில்லிமீட்டர் ஒருபக்கம் வாங்கியிருக்கும். ஆகவே துளையை அந்தந்த வண்டியில் வைத்துத்தான் போட வேண்டும். உங்கள் ஒரு விரல் இடைவெளிக்கும் எங்கள் முதல் சந்தேகம் அந்தச் சட்டத்தின் மேல்தான். சமதரையில் வண்டியைப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டில்பாரை நேராக வைத்து, டூமின் மூக்கு நுனியிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். நூல் முன் டயரின் நடுக்கோட்டுக்கு நேராக விழ வேண்டும். விலகினால் சட்டத்தை நிமிர்த்துங்கள், பாடியை வளைக்காதீர்கள். இடைவெளிகளில் பாதி அங்கேயே அடைந்துவிடும்.

மாட்டும் வரிசை இப்படி: டூம், பிறகு சீட் கவுல், பிறகு பக்கங்கள், கடைசியில் பெல்லி பான். துளை ஒன்றுகூடப் போடாமல், மாஸ்கிங் டேப்பாலும் லக்கேஜ் ரப்பராலும் முழு செட்டையும் வண்டியில் நிறுத்திவிடுங்கள். இப்போது மூன்று சோதனை. ஹேண்டில்பாரை இரண்டு கோடிக்கும் திருப்புங்கள்: பிரேக், கிளட்ச் லீவருக்கும் டேங்க், ஃபேரிங் (வண்டியை மூடும் பாடி) இவற்றுக்கும் நடுவே 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். விரல் நசுங்காமல் இருக்க வேண்டிய இடம் அது. சைலன்சர் பைப்புக்கும் பைபருக்கும் நடுவே குறைந்தது 20 மி.மீ.; முடியாத இடத்தில் உள்பக்கம் அலுமினிய வெப்பத் தாள் ஒட்டுங்கள். மூன்றாவதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். முன் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது டயர் எங்கே வருகிறது? ஃபோர்க் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வண்டியை மேலிருந்து கட்டித் தாங்கி, மெல்ல இறக்கிப் பாருங்கள். கடும் பிரேக்கில் டயர் பின்னேறி பெல்லி பானின் முன் விளிம்பைக் கடிக்குமா என்பது அப்போதுதான் தெரியும்.

துளைக்குக் குறி வைப்பதில் ஒரு வசதி உண்டு. பெயின்ட் ஏறாத பைபர் வெளிச்சத்தைக் கசியவிடும். மாலையில் ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே பிராக்கெட்டுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தால், பிராக்கெட் கருநிழலாகவும் அதன் துளை வெளிச்சப் பொட்டாகவும் வெளியே தெரியும். பென்சிலால் அதன் நடுவில் புள்ளி வையுங்கள். கறுப்பு ஜெல்கோட் (பைபரின் மேல்பூச்சு) போட்ட பாடியில் வெளிச்சம் வராது. அங்கே போல்ட்டை உள்ளிருந்து நீட்டி, நுனியில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தைத் தொட்டு வைத்து, பாடியை ஒருமுறை அழுத்தி எடுங்கள். பொட்டு உள்பக்கம் விழும்.

புள்ளியின் மேல் டேப் ஒட்டி, பின்னால் மரத்துண்டு கொடுத்து, வெளிப்பக்கத்திலிருந்து முதலில் 3 மி.மீ. பிட். பிறகு 6, பிறகு 8. எடுத்த எடுப்பில் 8 போட்டால் ஜெல்கோட் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. துளை வேண்டும்; மிச்சம் 2 மி.மீ. ரப்பர் வாஷருக்கும் பைபரின் அசைவுக்கும். துளையின் நடுவிலிருந்து பாடியின் விளிம்புக்கு 15 மி.மீ. இல்லாவிட்டால் அந்த இடம் ஒருநாள் கிழியும்.

உங்கள் கேள்விக்கு வருகிறோம். இழுத்து முறுக்கக் கூடாது. டேப்பைப் பிரித்த பிறகும் பாடி தானாக அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். போல்ட் அதைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசமென்றால் துளையை ரவுண்டு ஃபைலால் நீள்வட்டமாக்குங்கள். ஒரு விரல் என்றால் சட்டமோ துண்டோ தப்பு.

இழுத்து முறுக்கினால் என்ன ஆகும்? என் வண்டியில் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் சிலந்திவலை மாதிரிக் கீறல். பெயின்ட் மட்டம் என்கிறார் பெயின்டர்.
– நாங்குநேரி வாசகர்

பெயின்டரைத் திட்டாதீர்கள். அவரும் பெயின்ட்டைத் திட்ட வேண்டாம். பைபருக்கு மேலே இருக்கும் ஜெல்கோட் கண்ணாடி மாதிரி, வளையத் தெரியாது. துண்டை வளைத்துப் பிடித்து முறுக்கினால், எஞ்சின் அதிர்வு ஒவ்வொன்றும் அந்த வளைவைத் திறக்கப் பார்க்கும். கீறல் போல்ட்டில் தொடங்கி வெளியே ஓடும். அதன் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் இரண்டாவது டிராக் நாளில் அதே இடத்தில் அதே வலை வரும்.

போல்ட்டுகளை எல்லாம் தளர்த்திவிட்டுப் பாருங்கள். துண்டு துள்ளி வெளியே வந்தால் காரணம் கையில். துளையைச் சரிசெய்த பின், கீறல் உள்ள இடத்தில் உள்பக்கப் பிசினை 40-ஆம் நம்பர் எமரியால் சுரண்டி, 300 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) இரண்டு அடுக்கு போடுங்கள். வெளிக்கீறலை V வடிவில் கீறித் திறந்து பட்டி நிரப்புங்கள். மாட்டும்போது உள்ளே 20 மி.மீ.க்குக் குறையாத அகல வாஷர், வெளியே ரப்பர் வாஷர், நைலான் வளையம் உள்ள நட்டு. கையால் முட்டும் வரை திருகி, அதற்கு மேல் ஸ்பானரில் கால் சுற்று. போதும்.

உவரியில் பைபர் படகு ரிப்பேர் பார்க்கிறவர் தெரிந்தவர். கம்பெனி ஃபேரிங்கையே அச்சாக வைத்து ரேஸ் பாடி செய்துதர முடியும் என்கிறார். நம்பலாமா?
– திசையன்விளை வாசகர்

தாராளமாக. உவரி, இடிந்தகரை, கூத்தங்குழிக் கடற்கரையில் பைபர் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ரெசின், மேட், ரோலர் எல்லாம் அவர்கள் நாளெல்லாம் புழங்குகிற பொருள். பைக் வேலைக்கு மட்டும் நாலு விஷயம் அவரிடம் சொல்ல வேண்டும்.

முதல் விஷயம் கனம். படகுக்காரர் கைக்கு அடுக்கு மேல் அடுக்கு போட்டுத்தான் பழக்கம். ஃபேரிங்குக்கு 300 கிராம் மேட் இரண்டு அடுக்கு போதும். ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. கனம் வரும். போல்ட் வரும் இடத்திலும் விளிம்பிலும் மட்டும் மூன்றாவது அடுக்கு. பெல்லி பானுக்கு முழுக்க மூன்று. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு அடுக்கு மேட் 600 கிராம், அதற்கு ரெசின் 1.2 முதல் 1.5 கிலோ. ரெசின் கூடினால் பலம் கூடாது. எடை கூடும், முறியும்.

இரண்டாவது, கம்பெனி ஃபேரிங் ஏபிஎஸ் பிளாஸ்டிக். ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைக்கும். மெழுகு பாலிஷ் நாலைந்து கை போட்டு, ஒவ்வொன்றையும் காயவிட்டுத் துடைத்து, அதன் மேல் அச்சில் ஒட்டாமல் தடுக்கும் பி.வி.ஏ. திரவம் பூசி உலர்த்திய பிறகே ஜெல்கோட். மெழுகு விட்டுப்போன இடத்தில் அச்சும் பாடியும் ஒட்டிக்கொண்டு இரண்டும் போகும். பழைய, கீறல் விழுந்த ஃபேரிங்கைக் கொடுப்பதே புத்தி.

மூன்றாவது வெயில். ஒரு கிலோ ரெசினுக்கு அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் 10 முதல் 20 மில்லி. சித்திரை வெயிலில் 10. அதற்குக் கீழே போகாதீர்கள், உள்ளே வேகாமல் பிசுபிசுக்கும். ரெசின் உறையும் வேகம் தாங்கவில்லையென்றால் காலை ஏழு மணிக்குள் வேலையை முடியுங்கள். ஒரு கப்பில் 300 கிராமுக்கு மேல் கலக்கவும் வேண்டாம். ஆழமான டப்பாவில் நிற்கும் ரெசின் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும்.

நாலாவதைப் படகுக்காரர் உங்களுக்கே சொல்லுவார்: ரெசின் உறைவதை விரைவாக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர்.

ஆனி, ஆடிக் காற்றில் வெட்டவெளியில் பெயின்ட் அடிப்பதை மறந்துவிடுங்கள்; ராதாபுரம் செம்மண் முழுக்கப் பாடியில்தான் ஒட்டும். தென்காசிப் பக்கம் சாரல் நாளிலும் வேண்டாம், ஈரத்தில் வெண்மை பூக்கும்.

உடைந்த இடத்தை எம்-சீல் வைத்து ஒட்டலாமா?
– பேட்டை வாசகர்

குழாய் ஒழுகினால் வையுங்கள்.

பெல்லி பான் கட்டாயமா? என் வண்டியில் ஆயில் ஒழுகவே ஒழுகாது. கூலன்ட்டையும் மாற்றச் சொல்கிறார்களே?
– அம்பாசமுத்திரம் வாசகர்

இன்று ஒழுகாது. கனெக்டிங் ராடு உடைந்து கிராங்க்கேஸில் ஓட்டை விழும் அன்று என்ன ஆகும் என்பதற்குத்தான் பெல்லி பான். அது உங்களுக்காக இல்லை. உங்கள் பின்னால் அதே வளைவில் சாய்ந்து வருகிறவருக்காக. எங்களைக் கேட்டால் முழு செட்டில் ஒரே ஒரு துண்டை மட்டும் வாங்கப் பணம் இருந்தால் இதைத்தான் வாங்குவோம்.

சின்ன வண்டிப் பந்தயங்களில் வழக்கமான கணக்கு, எஞ்சின் ஆயிலும் கூலன்ட்டும் சேர்ந்த மொத்தத்தில் பாதியையாவது அது பிடிக்க வேண்டும். ஆயில் 1.5 லிட்டர், கூலன்ட் 1 லிட்டர் என்றால் மொத்தம் 2.5, பாதி 1.25. நாங்கள் 2 லிட்டருக்குச் செய்யச் சொல்லுவோம். உங்கள் அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். போகும் பந்தயத்தின் விதிப்புத்தகத்தையும் ஒருமுறை பாருங்கள். அங்கே சொல்வதுதான் முடிவு.

சோதனை சுலபம். பெல்லி பானை வண்டியில் மாட்டிய நிலையிலேயே, அளந்து 2 லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். தரையில் வைத்து ஊற்றிப் பார்ப்பது கணக்கில்லை, வண்டியில் அதன் சாய்வு வேறு. பக்கத் துண்டும் பெல்லி பானும் சேரும் இடத்திலும் சைலன்சர் பைப்புக்காக வெட்டிய இடத்திலும்தான் ஒழுகும். உள்பக்கம் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டால் ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் கண்ணில் படும். முன் தாழ்விடத்தில் 25 மி.மீ. துளை ஒன்றோ இரண்டோ போட்டு ரப்பர் மூடி வையுங்கள். வெயிலில் மூடி இருக்க வேண்டும். மழைப் பந்தயத்தில் மட்டும் திறக்கலாம், இல்லாவிட்டால் உள்ளே குளம்.

ஆயில் வடிக்கும் போல்ட், ஃபில்டர், ஆயில் மூடி மூன்றையும் தானே கழலாதபடி லாக் ஒயரால் கட்டுங்கள். போல்ட் தலையில் 1.5 மி.மீ. துளை, 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி. கம்பி இழுக்கும் திசை போல்ட் இறுகும் திசையாக இருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு.

கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் தார் ரோட்டில் சிந்தினால் வழுக்கும், லேசில் காயாது. அதனால்தான் வெறும் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் என்னதான் இனிப்பாக இருந்தாலும், ரேடியேட்டருக்கு பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர்தான்.

சைடு ஸ்டாண்டைக் கழற்றினேன். கியர் போட்டதும் எஞ்சின் நிற்கிறது.
– வள்ளியூர் வாசகர்

ஸ்டாண்ட் கீழே இருப்பதாக வண்டி நினைக்கிறது. ஒயரைக் கண்டபடி வெட்டி முறுக்காதீர்கள். சில வண்டியில் ஸ்டாண்ட் மேலே இருக்கும்போது ஸ்விட்ச் சேர்ந்திருக்கும், சிலவற்றில் பிரிந்திருக்கும். ஸ்விட்ச் பிளக்கைக் கழற்றி, கையால் ஸ்விட்சை ‘மேலே’ நிலைக்கு அழுத்தி, மல்டிமீட்டரில் பீப் வருகிறதா பாருங்கள். பீப் வந்தால் வண்டிப் பக்கப் பிளக்கில் இரண்டு பின்னையும் இணைக்கும் சின்ன ஒயர் போதும். வராவிட்டால் திறந்தபடி டேப் சுற்றிவிடுங்கள். காந்த சென்சார் உள்ள வண்டியில் இந்த வித்தை பலிக்காது. சென்சாரைக் காந்தத்தோடு சேர்த்துச் சட்டத்தில் கட்டிவைக்க வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர் ஒயர்களையும் வெட்டாமல் பிளக்கோடு மடித்துக் கட்டுங்கள். திரும்ப ரோட்டுக்கு வர வேண்டியிருக்கும்.

ரேஸ் பாடி போட்ட வண்டியை இங்கிருந்து கோவை செட்டிப்பாளையம் டிராக்குக்கு ஓட்டியே போகலாமா?
– மேலப்பாளையம் வாசகர்

முடியாது. லைட், கண்ணாடி, நம்பர் பிளேட் இல்லாத வண்டிக்கு ரோட்டில் இடமில்லை, ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. குட்டி யானையில் ஏற்றுங்கள். கட்டும்போது பெல்ட்டை ஃபேரிங் மேல் போடாமல் ஃபோர்க்கின் கீழ் கிளாம்ப்பில் போடுங்கள்.

போல்ட்டுக்குப் பதில் கால் சுற்றில் பூட்டும் கிளிப் போடலாமா?
– தூத்துக்குடி வாசகர்

பக்கங்களுக்கும் பெல்லி பானுக்கும் போடுங்கள். பந்தயத்துக்கு முன் வண்டியைப் பார்க்கும் சோதனை மேடையில் பாடியைக் கழற்றச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் கழற்றலாம். டூமும் சீட் கவுலும் சட்டத்தில் பிடிக்கும் இடத்துக்கு மட்டும் போல்ட்தான். கிளிப் வாங்கும்போது இரண்டு துண்டும் மேலே மேலே வரும் இடத்தின் கனத்தை அளந்துகொண்டு போங்கள். பெயின்ட் ஏறினால் அரை மி.மீ. கூடும். நீளம் குறைந்தால் பூட்டாது, கூடினால் லொடலொடத்துத் தானே திறக்கும். எல்லாக் கிளிப்பும் பூட்டியபின் அவற்றின் பிளவு படுக்கைவாட்டில் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஒன்று செங்குத்தாக நின்றால் பத்தடி தள்ளியிருந்தே தெரிந்துவிடும்.