திரைப்பட இரவுக்குக் கதையிலிருந்து ஒரே ஒரு பொருள் போதும்

கேள்வி: பாலக்கோட்டுக்கு அருகில் வசிக்கிறோம். பத்து வயது மகளும் மூன்று வயது மகனும் இருக்கிறார்கள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் கணவர் சனிக்கிழமை மாலையில்தான் வீடு திரும்புவார். அன்று இரவாவது எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்த்து, அதற்கேற்ற தின்பண்டமும் கைவேலையுமாகப் பொழுதைக் கழிக்க விரும்புகிறேன். ஆனால், இணையத்தில் காணும் யோசனைகளுக்கெல்லாம் ஓவனும் விலையுயர்ந்த அலங்காரப் பொருள்களும் தேவைப்படுகின்றன. எளிய முறையில் இதை எப்படிச் செய்வது?

பதில்: இத்தகைய முயற்சிகள் பல வீடுகளில் ஓரிரு முறையோடு நின்றுபோகின்றன. அடுப்படி, அலங்காரம், குழந்தைகள் என அனைத்தையும் தாய் ஒருவரே சுமந்து, படம் தொடங்கும் நேரத்தில் களைத்துப்போவதே அதற்குக் காரணம். ஆகவே, படத்தின் கதையிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதைக் கொண்டு ஒரு தின்பண்டம், ஒரு கைவேலை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவரெங்கும் தோரணமோ, நான்கு வகைப் பலகாரமோ தேவையில்லை.

காட்டை மையமாகக் கொண்ட ஒரு படத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து யானையை எடுத்துக்கொள்ளலாம். தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பகுதிகளில் கேழ்வரகு விளைந்து நிற்கும் காலத்தில் யானைக் கூட்டங்கள் வயலுக்குள் இறங்குவதும், உழவர்கள் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருப்பதும் நம் பகுதியில் எல்லோரும் அறிந்தவை. எனவே, யானைக்கு உரிய தின்பண்டம் கேழ்வரகு உருண்டைதான் என்று சொன்னால் உங்கள் மகளுக்கு உடனே விளங்கும். ஒரு கப் கேழ்வரகு மாவை இரண்டு தேக்கரண்டி நெய்யில் சிறு தீயில் பச்சை வாசனை போகும்வரை வறுத்து, முக்கால் கப் பொடித்த வெல்லம், தோல் நீக்கி நைசாகப் பொடித்த வறுத்த நிலக்கடலை கால் கப், சிறிது ஏலக்காய்த்தூள் ஆகியவற்றைக் கலந்து, உருண்டை பிடிக்கத் தேவையான அளவு சூடான நெய்யை ஊற்றுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், உருட்டும் வேலையை மகளிடமும் மாமியாரிடமும் ஒப்படைத்துவிடலாம். யானை வயலுக்கு வந்த கதைகள் அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். உருட்டும் நேரமே அவற்றைக் கேட்பதற்கு ஏற்ற நேரம்.

கைவேலைக்கு யானை முகமூடி பொருத்தமானது. பழைய மாதக்காட்டி அட்டையில் முகத்தையும் இரு பெரிய காதுகளையும் வெட்டி, ஒரு நீளத் தாளை விசிறிபோல் மாற்றி மாற்றி மடித்துத் தும்பிக்கையாக ஒட்டினால் அது அசைந்தாடும். கடையில் பசை வாங்க வேண்டியதில்லை; இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் கெட்டியான பசை கிடைத்துவிடும். பசை கெடாமலிருக்க அதில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது நச்சுப்பொருள், கையை வாயில் வைக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் அதைச் சேர்க்கவே கூடாது. மீதமாகும் பசையை எறிந்துவிடுங்கள். முகமூடிக்குக் கயிறு கட்டுவது, தந்தம் ஒட்டுவது போன்ற ஒரு வேலையை மட்டும் மிச்சம் வைத்திருந்து, மாலையில் வரும் தந்தையிடம் கொடுங்கள். வார நாள்களில் வீட்டில் இல்லாதவர் வெறும் பார்வையாளராக வந்து அமர்வதைவிட, அந்தச் சிறு வேலையில் பங்கேற்பது குழந்தைகளுக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தரும். எப்படியிருந்தாலும் கைவேலை படம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கத்தரிக்கோலும் பசையும் கையிலிருக்க, மங்கலான வெளிச்சத்தில் படத்தையும் பார்ப்பது ஆபத்தானது. இரண்டுமே அரைகுறையாகவும் முடியும்.

உங்கள் மகனின் வயதை முன்னிட்டு ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாப்கார்ன், முழு நிலக்கடலை, முழுத் திராட்சை ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது. அவை மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். திரையில் கண் பதிந்திருக்கும்போது குழந்தை சரியாக மெல்லாது என்பதால் ஆபத்து இன்னும் கூடுகிறது. அவனுக்குச் சிறு துண்டுகளாக உதிர்த்த உருண்டையோ, மசித்த வாழைப்பழமோ போதும். மகளுக்குப் பாப்கார்ன் செய்வதானால், அதற்கென்றே விற்கும் மக்காச்சோளத்தை வாங்குங்கள். கடினமான அதன் தோலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸில் அழுத்தம் தாங்காமல் வெடிப்பதால்தான் அது பொரிகிறது. தீவனத்துக்கான மக்காச்சோளம் அவ்வாறு நன்றாகப் பொரியாது. காற்றுப்புகாத டப்பாவில் வைக்காவிட்டால் ஈரம் வறண்டு, நல்ல விதையும் பொரியாமல் தங்கிவிடும். பரிமாறுவதற்குச் செய்தித்தாளில் பொட்டலம் மடிக்க வேண்டாம்; அச்சு மை உணவில் கலக்கும். மந்தாரை இலையிலோ வாழையிலையிலோ தொன்னை மடிக்க மாமியாரிடம் மகள் கற்றுக்கொண்டால் அதுவே இன்னொரு கைவேலையாகிவிடும். ஈர்க்குச்சி குத்திய தொன்னையை மட்டும் சிறுவன் கையில் கொடுக்காதீர்கள்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2024 முதல் ‘யு/ஏ’ பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையும் உடன் அமர்வதால் ‘யு’ சான்றிதழ் பெற்ற படமே உங்களுக்கு ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இந்த வயதுக் குழந்தை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரக் கூடாது. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதால், இடைவேளையோடு மகனைத் தூங்க வைத்துவிடலாம். அல்லது படத்தையே இரண்டாகப் பிரித்து மறுபாதியை ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிந்தைய வழியே சிறந்ததாகத் தோன்றுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று சனி இரவு முழுவதும் மகள் ஊகித்துக்கொண்டிருப்பாள். மகனும் பாதியில் பிரிக்கப்பட மாட்டான். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்பே முடித்துவிட்டால், தின்பண்டம் உணவுக்கு மாற்றாகிவிடாமல் அளவோடு நிற்கும்.

மற்ற கதைகளுக்கும் இதே முறைதான். மாம்பழப் பருவத்தில் தோப்போ கிராமமோ வரும் படமென்றால், பெங்களூரா மாங்காயைக் கீற்றுகளாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வையுங்கள். குழந்தைகள் மாவிலைத் தோரணம் கட்டட்டும். சிறுவனுக்குக் காரமில்லாத பழக்கூழ் போதும். அரசர் கதையாக இருந்தால் கிரீடம். நம் பக்கத்து ஊர்களின் பாரதக் கூத்தில் கலைஞர்கள் அணியும் கிரீடத்தையும் புஜகீர்த்தி என்னும் தோளணியையும் மகள் பார்த்திருந்தால், அட்டையும் பளபளப்பான சாக்லேட் தாளும் கொண்டு அவற்றைத் தானே செய்துவிடுவாள். கடல் கதைக்குக் காகிதக் கப்பலே போதுமானது.

வாரந்தோறும் நடத்த வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை என வைத்துக்கொண்டு, அடுத்த படத்துக்கான பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒருவருக்குக் கொடுங்கள். முதல் முறை அதை மாமியாருக்கே கொடுக்கலாம்.