முதுகுப் படத்திலிருந்து முகத்துக்கு

கேள்வி: பரந்தனில் இருக்கிறேன். பழைய கெனன் கெமராவும் அதோடு வந்த 18–55 லென்ஸும் இருக்கின்றன. கிளிநொச்சிச் சந்தையில் படம் எடுக்கப் போனால் ஆட்கள் ஒன்றில் போஸ் கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். மிஞ்சுவதெல்லாம் முதுகுதான். 50 எம்எம் லென்ஸ் வாங்கினால் சரிவருமா அண்ணா?

லென்ஸ் கதை பிறகு, தம்பி. முதலில் சுற்றித் திரிவதை நிறுத்துங்கள், ஓரிடத்தில் நில்லுங்கள். பழகுவதற்கு முறிகண்டியைத்தான் சொல்வேன். ஏ9 வீதியில் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகிற பஸ் குறைவு. சனம் இறங்கும், தேங்காய் உடைக்கும், திருநீறு பூசும், கச்சான் வாங்கும், ஏறும். அடுத்த பஸ்ஸுக்கும் இதேதான். இந்தமுறை தவறவிட்டது சற்று நேரத்தில் திரும்ப வரும் என்பதால் பதற்றம் இல்லை. எல்லாரும் வழிப்போக்கர் என்பதால் நீங்களும் அந்நியராகத் தெரியமாட்டீர்கள்.

ஒரு கச்சான்கடையைப் பின்னணியாக எடுங்கள். யாருடைய தலையிலும் மின்கம்பம் முளைக்காதபடி இரண்டடி தள்ளி நின்று, படத்தின் சட்டத்தை (ஃபிரேமை) முதலில் முடிவுசெய்துவிட்டு ஆளுக்குக் காத்திருங்கள். காசு நீட்டுகிற கையும் கச்சான் சரை நீட்டுகிற கையும் சந்திக்கும்போது டிரைவர் ஹோர்ன் அடிப்பார். வாங்குகிறவரின் கண் பஸ் பக்கம் திரும்பும். அந்த அரை நொடிக்குத்தான் அவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்.

அந்த அரை நொடியில் கெமரா ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்தால் எல்லாம் வீண். லென்ஸை 18இல் வையுங்கள், லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) ஓட்டோ. இரண்டு மீற்றர் தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் பிடித்து, லென்ஸின் பொத்தானை எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் தள்ளிவிடுங்கள், கெமரா தானாக ஃபோகஸ் தேடாது. ஒரு மீற்றருக்கு அப்பால் இருக்கிற எல்லாம் போதுமான தெளிவோடு விழும். பிறகு சூம் வளையத்தில் கை வைக்கக் கூடாது. கிட்டப் போவது காலின் வேலை.

காலை எட்டரைக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் வெளிச்சம் நல்லது. சித்திரை நடுப்பகுதியில் மதிய வெயில் நேர் உச்சியில் நிற்கும், கண்குழிகள் கறுத்துவிடும். அப்போது படங்குக்குக் கீழே ஒதுங்குங்கள். நீலப் படங்கென்றால் முகமும் நீலமாகும், ரோ ஃபைலில் (கெமரா பதப்படுத்தாத மூலக்கோப்பில்) எடுத்தால் திருத்தலாம். எனக்கென்றால் கறுப்பு வெள்ளைதான் சுகம்.

இனி ஆட்கள். நிவாரணம் கொடுக்க, பதிவு எடுக்க, செய்தி போட என்று வன்னிச் சனத்தின் முகத்துக்கு நேரே கெமரா நீட்டியவர்கள் கொஞ்சப்பேரில்லை. அதனால் ஒளித்து எடுக்கிற வேலை இங்கே வேண்டாம். கெமரா கழுத்தில் தெரியத் தொங்கட்டும். ஒரு தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை கதையுங்கள். சந்தைக் கடைக்காரர் போஸ் கொடுத்தால் அதையும் எடுங்கள், ஆனால் கெமராவை இறக்க வேண்டாம். சிரிப்பு முடிந்து அவர் மரக்கறியை அடுக்கத் திரும்புவார். உங்கள் படம் அதுதான். முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். அடுத்தமுறை போகும்போது போஸ் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் "என்னையும் ஒண்டு எடு தம்பி" என்று தானே கூப்பிடுவார்.

முகாம், காவலரண் பின்னணியில் விழாமல் பாருங்கள். யாரும் மறித்துக் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம், எடுத்ததைக் காட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளை எடுப்பதென்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு 2017 தொடக்கம் போராடுகிற அம்மாமாரைத் தெருக்காட்சியாக எண்ணி எடுக்காதீர்கள். பக்கத்தில் இருந்து கதைத்து, சம்மதம் கேட்டு எடுப்பதென்றால் எடுங்கள்.

50 எம்எம் வேண்டாம். உங்கள் கெமராவின் சென்ஸர் சின்னது என்பதால் அதில் அது 80 எம்எம் போல நடக்கும், உங்களை இன்னும் பின்னுக்குத் தள்ளும். வாங்கியே தீருவதென்றால் கெனனின் 24 எம்எம் எஃப் 2.8 லென்ஸைப் பாருங்கள்: தட்டையானது, ஆட்களை மிரட்டாது. அதுவரை 18–55ஐ 18இலேயே விட்டுவையுங்கள்.