முடி, காது, குடல்: மூன்றுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: நெற்றியில் வெள்ளை முடி, காது கேளாமை, குடல் அடைப்பு. இவை எப்படி ஒரே நோயாக இருக்க முடியும்?

என் மகளுக்கு எட்டு மாதமானபோது நானும் இதையேதான் கேட்டேன்.

பிறந்தபோதே நெற்றிக்கு மேல் ஒரு கொத்து வெள்ளை முடி, பளீரென்ற நீலக் கண்கள். பார்க்க வந்தவர்கள் அழகு என்றார்கள். இரண்டு நாளாகியும் மலம் போகவில்லை. வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தாள். குடலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்ததில், பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்களே இல்லை என்று தெரிந்தது. ஹிர்ஷ்ப்ரங் நோய். நரம்பில்லாத குடல் இறுகியே கிடக்கும், மலத்தைக் கீழே தள்ளாது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டு நல்ல குடலை இழுத்து இணைத்தார்கள்.

குடலைப் பார்த்தவர்கள் முடியைப் பார்க்கவில்லை. பாத்திரம் விழுந்தாலும் அசையாமல் தூங்குகிறாள், நல்ல பிள்ளை என்று நாங்களும் இருந்துவிட்டோம். எட்டாம் மாதம், ஒலிக்குக் காது நரம்பு பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தபோது இரண்டு காதும் கேட்கவில்லை. அப்புறம்தான் மரபியல் மருத்துவர் பெயரைச் சொன்னார்: வார்டன்பர்க்-ஷா நோய். கண், முடி, காது சேர்ந்த கோளாறை 1951-ல் விவரித்தவர் வார்டன்பர்க் என்ற டச்சுக் கண் மருத்துவர். வெள்ளை முடியோடு குடல் அடைப்பும் இருந்த குழந்தைகளைப் பற்றி 1981-ல் எழுதியவர் ஷா என்ற மருத்துவர்.

சரி, சம்பந்தத்துக்கு வருகிறேன். கருவில் தண்டுவடம் உருவாகும் இடத்தின் ஓரத்திலிருந்து ஒரு கூட்டம் செல்கள் புறப்படுகின்றன. நியூரல் கிரெஸ்ட் செல்கள் என்று பெயர். சில தோலுக்கும் முடிக்கும் போய் நிறம் தரும் மெலனோசைட்டுகள் ஆகின்றன. சில உணவுக்குழாயில் தொடங்கிக் குடல் நெடுக இறங்கி அதன் நரம்புகளாகின்றன. பாதியில் நின்றுவிட்டால் கடைசிப் பகுதிதான் வெறுமையாகும். காதுதான் எனக்கு ஆச்சரியம். நிறம் தரும் செல்லுக்கு அங்கே என்ன வேலை? உட்செவியின் நத்தைக்கூட்டில் உள்ள திரவத்தில் பொட்டாசியம் நிறைந்திருக்க வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜ் மாதிரி. அதைக் காப்பதில் மெலனோசைட்டுகளுக்கும் பங்குண்டு. அவை இல்லையென்றால் ஒலி வந்தும் பயனில்லை.

குதிரைகளிலும் இப்படி உண்டு. இந்த நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு இரண்டு பிரதியிலும் பழுதானால் குட்டி வெள்ளை வெளேரென்று பிறந்து, குடல் இயங்காமல் சில நாட்களில் இறந்துவிடும்.

யார் பக்கத்திலிருந்து வந்தது என்று உறவினர் கேட்காத நாளில்லை. அவளுக்கு சாக்ஸ்10 மரபணுவில் மாற்றம். எங்கள் இருவர் ரத்தத்திலும் அது இல்லை, அவளிடம் புதிதாக வந்தது. வேறு மரபணுவாக இருந்தால் பெற்றோர் இருவரும் நலமாக இருந்தபடியே கடத்தவும் கூடும். அதனால் பரிசோதிக்காமல் யாரையும் குறை சொல்லாதீர்கள்.

ஒன்றரை வயதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தோம், ஒலியை மின்துடிப்பாக்கிக் காது நரம்புக்கு நேரடியாகத் தரும் கருவி. இப்போது பேசுகிறாள், எதிர்த்தும் பேசுகிறாள். குடலில் மட்டும் இன்னும் கவனம் தேவை: வயிறு உப்பி, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் பேதி வந்தால் அறுவை சிகிச்சை முடிந்து எத்தனை வருடமானாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குடல் அடைப்போடு பிறந்த குழந்தைக்கு வெள்ளை முடிக்கொத்தோ நீலக் கண்ணோ இருந்தால், அந்த வாரமே காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். நாங்கள் எட்டு மாதத்தைத் தொலைத்தோம்.